மணிக்கட்டில் ஒரு வெள்ளை வட்டம்

சிலாபம் சந்தையிலிருந்து திரும்பிய கூட்டாளி இராசையா, முத்துலிங்கத்தின் வாசலில் சைக்கிளை விட்டு இறங்குவதற்கு முன்பே சொன்னான். "மச்சான், அந்தக் கடிகாரத்தக் கழற்று."

முத்துலிங்கம் சிரித்தான். "ஏன், உனக்கு வேணுமோ?"

"பகிடி விடாத. செக்பொயின்ற்றில ஒருத்தன பஸ்ஸால இறக்கிக் கொண்டு போனத என்ர கண்ணால கண்டனான். உன்ன மாதிரித்தான், கடிகார முகம் மணிக்கட்டின்ர உள்பக்கம் இருக்கக் கட்டியிருந்தான். ஆமியோட சண்டை பிடிக்கிற இயக்கக்காரர் அப்பிடித்தான் கட்டுறதாம்."

அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி யோகாம்பாளின் கை நின்றது.

அது முத்துலிங்கத்தின் அப்பாவுக்கு வந்த கடிகாரம். உலக யுத்த காலத்தில் புத்தளம் விமானத்தளத்தில் இருந்த வெள்ளைக்கார விமானி ஒருவன் கொடுத்தது. கறுப்பு முகம், அதற்குள் இரண்டு குட்டி வட்டங்கள், விலாவில் இரண்டு பொத்தான்கள். மேல் பொத்தானை அமுக்கினால் நீண்ட முள் ஓடத் தொடங்கும், மறுபடி அமுக்கினால் நிற்கும். கீழ்ப் பொத்தான் அதை உச்சிக்குத் திருப்பிவிடும். வலை ஏற்றிய தோணி கரையை விட்டதும் முத்துலிங்கம் முள்ளை ஓடவிடுவான். பழைய கடிகாரங்கள் சேர்க்கும் கொழும்புக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து கேட்டும் அவன் கொடுக்கவில்லை.

விமானத்தின் பிடியை விடாமல் நேரம் பார்க்க அந்த வெள்ளைக்காரன் அதை உள்பக்கமாகக் கட்டினானாம். முத்துலிங்கம் அப்படிக் கட்டியதற்குக் காரணம் வேறு. கரையில் நின்று இழுக்கும் கரைவலைக் கயிறு கண்ணாடியில் உரசக் கூடாது.

யோகாம்பாள் கையைக்கூடக் கழுவாமல் வந்து வாரை அவிழ்த்தாள்.

"யோகம், அது அப்பாட..."

"அப்பா செத்துப்போனார். நீங்க இருக்கிறீங்க. ஆரும் கேட்டா, கடிகாரமே இல்லயெண்டு சொல்லுங்க."

கருவாட்டுச் சாக்கின் அடியில் அதைப் புதைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அந்தக் கிழமையே ஒரு காலையில் இராணுவத்தினர் அவர்கள் ஊரான உடப்பைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்கள் எல்லோரும் அடையாள அட்டையோடு பள்ளிக்கூட வளவுக்குப் போக வேண்டியிருந்தது. பெண்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். சிப்பாய் ஒருவன் இயக்கப் பயிற்சியின் தழும்பும் சயனைட் குப்பிக் கயிற்றின் தடமும் தேடி, வரிசையாக முழங்கையையும் முழங்காலையும் கழுத்தையும் பார்த்து வந்தான். முத்துலிங்கத்திடம் வந்ததும் அவனுடைய இடக்கையைப் பிடித்துப் புரட்டினான். பிறகு அடுத்த ஆளிடம் போகவில்லை.

வேலியிலிருந்தே யோகாம்பாளுக்குத் தெரிந்தது. வெயிலில் கறுத்த அந்தக் கையில், உள்மணிக்கட்டில், சுண்ணாம்பு தடவியது போல ஒரு வட்டம். அதன் இரு பக்கமும் வாரின் தடம். கட்டியிருந்தபோது அது மூடிக் கிடந்தது. அவள்தான் திறந்து வைத்திருக்கிறாள்.

கடிகாரம் எங்கே என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டான்.

"இல்ல சேர். என்னட்டக் கடிகாரமே இல்ல." அவள் சொல்லிக் கொடுத்தது ஒரு சொல்லும் பிசகாமல் வந்தது.

அவனைத் தனியாக இழுத்துப் போய் ட்ரக் அருகில் உட்கார வைத்தார்கள்.

யோகாம்பாள் ஓடினாள். "எங்கடி ஓடுற? சுடப் போறாங்கள்!" என்று அடுத்த வீட்டுச் சின்னாச்சி கத்தியது காதில் விழுந்தது. வீட்டில் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டி எடுத்துக்கொண்டு திரும்பியவள், கடிகாரத்தை உள்ளங்கையில் ஏந்தியபடி பள்ளிக்கூடப் படலைக்குள் நுழைந்தாள். துப்பாக்கிகள் திரும்பின. கால்கள் தாமாக நின்றன.

அதிகாரி வந்து அதை எடுத்தார். கருவாட்டு நாற்றத்தில் முகத்தைச் சுளித்தார். புரட்டிப் பார்க்கும்போது அவர் பெருவிரல் மேல் பொத்தானில் பட்டுவிட்டது. முள் ஓடத் தொடங்கியது.

பின்னால் நின்றவன் ஏதோ கத்தினான். எல்லோரும் விலகினார்கள். கையை நீட்டியபடி அதிகாரி மட்டும் அசையாமல் நின்றார். அவர் நெற்றியில் வேர்வை பொடித்தது.

"குண்டில்ல சேர்," அவள் சந்தையில் படித்த சிங்களத்தில் சொன்னாள். "திருப்பி அமுக்கினா நிக்கும்."

"நீயே அமுக்கு."

விரல் இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் முள் நின்றது. கீழ்ப் பொத்தானை அமுக்கினாள், உச்சிக்குத் தாவியது. யாரோ ஒரு சிப்பாய் சிரித்தான்.

"ஏன் ஒளித்தாய்?"

"பயத்தில, சேர்."

அதிகாரி முத்துலிங்கத்தைக் கூப்பிட்டு, ஏன் உள்பக்கம் கட்டுகிறாய் என்று கேட்டார். அவன் கையைக் கவிழ்த்துப் புறங்கையில் கயிறு தேய்த்த தழும்புகளைக் காட்டினான். நெடுநேரம் பார்த்துவிட்டு, "போ" என்றார். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தன் கையில் கட்டிக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

"போனாப் போகட்டும், ஆள் வந்திட்டுதுதானே," என்றாள் சின்னாச்சி.

"ஓம்," என்றாள் யோகாம்பாள். அவள் கண் அவன் மணிக்கட்டிலேயே இருந்தது. வட்டம் அப்படியே இருந்தது. இனி எந்தச் செக்பொயின்ற்றில் கையைப் புரட்டிக் கடிகாரம் எங்கே என்று கேட்டாலும், கொண்டுபோய்க் காட்ட ஒன்றுமில்லை. அதிகாரி எடுத்துக்கொண்டார் என்ற உண்மையைச் சொன்னால் அது இன்னும் மோசம்.

மறுநாள் உச்சி வெயிலில் முற்றத்தில் கதிரை போட்டு அவனை உட்கார வைத்தாள். இடக்கை மடியில் மல்லாந்து, வெள்ளை வட்டம் வெயிலைப் பார்க்கக் கிடந்தது.

"என்ன மச்சான், பிச்சைக்கோ?" என்றாள் சின்னாச்சி வேலிக்கு மேலால்.

றோட்டில் வாகனச் சத்தம் கேட்டது. முத்துலிங்கம் சட்டென்று கையைக் கவிழ்த்தான். சத்தம் தேய்ந்து மறையும் வரை அது கவிழ்ந்தே கிடந்தது. பிறகு யோகாம்பாள் குனிந்து அந்தக் கையை மறுபடி வெயிலுக்குத் திருப்பி வைத்தாள்.