லியோத்தா எழுந்து நின்ற இடம்

என் அக்கா வெர்லீனின் புருஷன் லியோத்தா, எங்கள் கறுப்பர் சபையில் டீக்கன், போதகருக்கு உதவியாக இருக்கும் மூப்பர். போதகர் ஒரு வரி சொன்னால் பதிலுக்கு நாலு வரி சொல்லாமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. நாங்கள் எல்லோருமே அப்படித்தான். வாயை மூடிக்கொண்டு பிரசங்கம் கேட்பதெல்லாம் வெள்ளைக்காரர் கோயில் வழக்கம்.

கறுப்பர்களை ஓட்டுப் போட விடாத காலம் அது. ஒரு ஞாயிறு எங்கள் கோயிலில் நடந்த ஓட்டுரிமைக் கூட்டத்தைப் படம் பிடிக்க நியூயார்க்கிலிருந்து டிவிக்காரர்கள் மிசிசிப்பிக்கு வந்தார்கள். வெள்ளைத் துரையின் பருத்தி நிலத்தில் விளைச்சல் பங்குக்கு உழுகிறவர்கள் கடைசி பெஞ்சில் இருட்டில் உட்கார வேண்டும், மூச்சுக் காட்டக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். முகம் படத்தில் விழுந்தால் குடியிருக்கும் வீடு போகும், உயிரும் போகலாம். லியோத்தாவும் அந்த நிலத்தில் உழுகிறவர்தான். கோயில் வாசலிலேயே அக்கா அவரை நிறுத்தினாள்.

"இன்னிக்கு ஒரு நாள் வாயைக் கட்டிக்கிட்டு இருங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"நான் என்ன பச்சப்புள்ளையாடி?" என்று சிரித்தார்.

போதகர் பெல்டன் பேச்சில் மகா கெட்டிக்காரர். முதலில் சட்டத்தைச் சொன்னார், பிறகு வேதத்தைச் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார். "உங்கப்பன் ஓட்டுப் போட்டானா? இல்ல. நீ போட்டியா? இல்ல. உன் மகன்?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். அவர் அப்படி நிறுத்தினால் பதில் சொல்லாமல் இருக்க எங்களில் யாருக்கும் தெரியாது.

லியோத்தா எழுந்துவிட்டார். "போடுவான் ஐயா, என் மகன் போடுவான்!"

கேமரா திரும்பியது. படம் பிடித்தவனை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த முகத்தை விட்டுவிட்டு வேறு எதைப் பிடிப்பான்?

டிவியில் வந்ததும் வடக்கே பார்த்தவர்களெல்லாம் கண்கலங்கினார்களாம். துரையும் பார்த்தான். அடுத்த ஞாயிறு வருவதற்குள் லியோத்தாவை ஆற்றிலிருந்து எடுத்தோம். அக்கா அன்று அழவில்லை. நான்தான் அழுதேன்.

பிறகு ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. மகன் ஓட்டும் போட்டான். அந்தக் காட்சியை ஓர் ஆவணப்படத்தில் சேர்த்து, கறுப்பர் வரலாற்று மாதமான பிப்ரவரி தோறும் பள்ளிக்கூட அரங்கில் போடுகிறார்கள். பேச்சு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வாத்தியார்கள் விளக்குவார்கள்.

இத்தனை காலம் வர மறுத்த அக்கா இந்த வருஷம் வந்தாள். திரையில் போதகர் குரலைத் தாழ்த்தினார். அக்கா எழுந்து, படம் ஓட்டுகிறவனிடம் போனாள்.

"இதோட நிறுத்திடுப்பா. அவரு உக்காந்தே இருக்கட்டும்."

அவன் பதறி சுவிட்சைத் தேடுவதற்குள் லியோத்தா எழுந்துவிட்டார். அரங்கம் முழுக்கக் கைதட்டியது.