பதிமூன்றில் மூன்று

கோடைக்கால ஞாயிறுகளில் எங்கள் டிஃபயன்ஸ் ஊர் ரூட் பியர் குளிர்பானக் கடை முன்னால் பழைய கார்கள் கூடும். மடக்கு நாற்காலி, டோனட் டப்பா, நாய் என்று எல்லோரும் குடும்பமாக வந்து இறங்குவார்கள். நான் மூக்குக்கண்ணாடியும் சின்ன டார்ச்சுமாகப் போவேன். வண்டியில் பதித்திருக்கும் எண்ணைப் படித்து, அது பிறந்த வருஷம், தொழிற்சாலை, பிறவி எஞ்சின் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். சம்பளம் கிடையாது, கெட்ட பேர் உண்டு. "மேவிஸ் வர்றா, கதவைச் சாத்து" என்று என் காதுபடவே சொல்வார்கள்.

அந்தக் கெட்ட பேரில் பாதி, ஆர்லோ பிக்கெட்டால் வந்தது. அவன் பக்கத்து ஊர் நெப்போலியனில் ஆணி, பெயின்ட் விற்கும் கடைக்காரன். மனைவியை இழந்தவன். நானும் விவாகரத்தாகிப் பல வருஷம் ஆனவள். நான்கு வருஷத்துக்கு முன் மூன்று ஞாயிறு தொடர்ந்து தன் கடை வண்டியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். நான்காவது ஞாயிறு தன் கரும்பச்சை பான்டியாக் காரில் வந்தான். 1965-ஆம் வருஷ வண்டி, பக்கவாட்டில் பான்டியாக்கிலேயே வேகமும் மதிப்பும் கூடிய ரகமான ஜிடிஓவின் சின்னம் பளபளத்தது. இறங்கியவன் எனக்கும் சேர்த்து ரூட் பியர் வாங்க வரிசையில் போய் நின்றான்.

கேட்காமல் அடுத்தவர் காரைத் தொடக்கூடாது என்பது எங்கள் கூட்டத்தின் ஒரே சட்டம். எனக்குக் கை பொறுக்கவில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தேன், கீல் பக்கத்தில் இருந்த எண் பட்டையில் டார்ச் அடித்து முதல் மூன்று எண்ணைப் படித்தேன். 237. என் சொந்த 67-ஆம் வருஷ ஜிடிஓவின் எண் 242 என்று தொடங்கும். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

"அட, இது ஜிடிஓ இல்லப்பா! வெறும் லெமான்ஸ்! சின்னத்த ஒட்டி ஊரை ஏமாத்துறான்!"

பார்க்கிங் முழுக்கச் சிரிப்பு. திரும்பினால் இரண்டு கையிலும் கோப்பையோடு ஆர்லோ நின்றான். இரண்டையும் என் நாற்காலி அருகே வைத்தான். வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அப்புறம் வரவே இல்லை. நான் வெளியே வீறாப்பாகத்தான் இருந்தேன். உள்ளுக்குள் ஒவ்வொரு ஞாயிறும் பச்சை வண்டி வருகிறதா என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஃபோர்ட் வெய்னிலிருந்து கொரின் என்று ஒருத்தி வந்தாள். அவளுடையதும் 65 ஜிடிஓ. அவளே கதவைத் திறந்து காட்டினாள். 237. நான் உதட்டைப் பிதுக்கினேன்.

"என்ன மூஞ்சிய சுளிக்கிறீங்க?"

"லெமான்ஸ்மா இது. யாரோ உங்க தலையில கட்டிட்டாங்க."

கொரின் கையிலிருந்த தொழிற்சாலைக் காகிதத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அம்மா தாயே, 242 எல்லாம் 66லேர்ந்துதான். அதுக்கு முன்னாடி ஜிடிஓன்னு தனி வண்டியே கிடையாது. லெமான்ஸ்ல கூடுதலா கேட்டு வாங்குற சமாச்சாரம். ரெண்டுக்கும் ஒரே 237தான். இதுகூடத் தெரியாமயா டார்ச்சத் தூக்கிட்டு அலையறீங்க?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாள் காலையிலேயே செர்ரி பை என்கிற பழப் பலகாரம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு நெப்போலியனுக்குப் போனேன். ஆர்லோ வீட்டு வண்டிக்கொட்டகை திறந்திருந்தது. பச்சை பான்டியாக் பக்கத்தில் அவன் கை துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஆர்லோ, நான் ஒரு முட்டாள். 65ல 237தான் சரியாம். உன் வண்டி அசலா இருக்கலாம். அத்தன பேர் முன்னாடி உன் மானத்த வாங்கிட்டேன். என்னை மன்னிச்சிடு."

அவன் பலகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இன்னொரு தடவ படி. இந்தத் தடவ பதிமூணு எழுத்தையும் முழுசா."

ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டான். டார்ச் அடித்தேன். 237, 37, 5, P. அடுத்து ஆறு இலக்க வரிசை எண், 6-இல் தொடங்கியது. அந்த வருஷ பான்டியாக்கில் வரிசை எண் 6-இல் தொடங்கினால் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு பிறந்த வண்டி. ஜிடிஓ என்றால் எட்டு. அப்படியானால் இது லெமான்ஸேதான். நான் சொன்ன காரணம் தப்பு, தீர்ப்பு சரி. மன்னிப்புக் கேட்ட வாயால் இதை எப்படிச் சொல்வது?

"என்ன, பேச்சையே காணோம்?"

"அது வந்து... வண்டி ரொம்ப அழகா இருக்கு ஆர்லோ."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பொய் சொல்ல வரல உனக்கு. லெமான்ஸ்னு எனக்குத் தெரியாதா? எஞ்சினை மாத்தி, சின்னம் ஒட்டினது என் தம்பி. எனக்காகப் பண்ணினான். அன்னிக்கு ரூட் பியர் குடிச்சுக்கிட்டே அந்தக் கதைய நானே உனக்குச் சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள நீ கதவைத் திறந்துட்ட."

"அப்போ நாலு வருஷமா உன் கோபம்..."

"வண்டிக்காக இல்ல மேவிஸ். கேட்டிருந்தா நானே திறந்திருப்பேனே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. பலகாரத்தை வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று திரும்பினேன்.

"எங்க போற?" ஆர்லோ வண்டியைச் சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். "ஏறு. இந்தப் பக்கம் படிக்கிறதுக்கு ஒண்ணும் கிடையாது."

டார்ச்சை அவன் வேலை மேசையில் வைத்துவிட்டு, பலகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.