மூக்கு நுனி வரைக்கும்

கத்தரியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கண்ணாடியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஈர நெற்றி முடி, புருவத்துக்கு அரை இஞ்ச் கீழே, ஸ்கேல் வைத்து இழுத்த கோடு மாதிரி நின்றது. அந்த அரை இஞ்ச், ஓரம் மடிப்பதற்காக விட்டது. முடிக்கு ஏது ஓரம், ஏது மடிப்பு என்று கை கேட்கவில்லை. இருபது வருடம் துணி வெட்டிய கைக்கு அரை இஞ்ச் கூட விடாமல் வெட்டத் தெரியாது. சுருங்குவதைப் பற்றியும் அவள் யோசிக்காமல் இல்லை. புதுத் துணியை நனைத்துக் காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று தையல்கடைக்கு வருகிறவர்களிடம் நாளுக்குப் பத்துத் தடவை சொல்கிறவள் அவள்தான். ஆனால் இது என்ன புதுத் துணியா? முப்பத்தொன்பது வருடமாக நனைந்து நனைந்து காய்ந்த தலை, இனிமேல் சுருங்குவதற்கு இதில் என்ன மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போட்டாள்.

ஃபேனுக்கு அடியில் போய் நின்றாள். முடி காயக் காயக் கிளம்ப ஆரம்பித்தது. முதலில் புருவத்தை விட்டது. பிறகு பாதி நெற்றியை விட்டது. கால் மணி நேரத்தில் உச்சிக்கு அருகே ஏறி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு சுருளும் தனக்கென்று ஒரு திசையைப் பிடித்துக்கொண்டது. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கணவர் வேலை முடிந்து பையோடு உள்ளே வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்குக் கல்யாணமான மூன்றாம் வருடமே தலை வழுக்கையாகிவிட்டது.

"முடி விஷயத்துல என்கிட்ட கருத்து கேக்காத. நான் அந்தத் தொழில விட்டு ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

மகள் வந்து பார்த்தாள். பார்த்து, சிரித்து, சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பதினான்கு வயது. வீட்டில் அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"எனக்கு வெட்டியிருந்தா எனக்கும் இப்படித்தான ஆகியிருக்கும்?"

அதற்காகத்தானே இது. நெற்றியில் முடி வெட்டிவிடு என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் மகள். உயர்ந்த துணியில் கத்தரி வைக்கும் முன் விலை குறைந்த கோராத் துணியில் வெட்டிப் பார்ப்பது அவள் தொழில் வழக்கம். இரண்டு தலையும் ஒரே ரகம். கோராத் துணியாக அவள் தன் தலையைக் கொடுத்தாள். ஆழம் தெரியாமல் காலை விட்டாலும், விட்டது தன் காலைத்தானே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. அந்த நிம்மதி இரவுச் சாப்பாடு வரைக்கும்தான் நிலைத்தது.

தட்டின் பக்கத்தில் மகள் ஒரு தாளை வைத்தாள். தெருமுனை அழகு நிலையத்தில் வாங்கி வந்தது. மருந்து போட்டு முடியை நிரந்தரமாக நீட்டிவிடுவார்களாம். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு வீட்டில் ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம்.

"நாய் வால நிமிர்த்த முடியாதுன்னு கிளாஸ்ல என் பின்னாலேர்ந்து சொல்றாங்கம்மா. இவங்க நிமிர்த்திடுவாங்க. கையெழுத்து போடு."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு அம்மா தாளை எடுத்துப் படித்தாள். தையல்கடைக்கு வருகிற ஒரு பெண் அந்த மருந்தைப் போட்டுக்கொண்டு, ஆறே மாதத்தில் கொட்டியது போகக் கைப்பிடி முடியோடு திரும்பி வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் பயம் அது மட்டும் இல்லை. தன் வயிற்றில் பிறந்த குழந்தை, தன்னிடமிருந்து வந்த ஒன்றை நோய் மாதிரி நினைத்து மருந்து போட்டு ஒழிக்கப் பார்க்கிறதே என்பதும் சேர்ந்துகொண்டது. வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் மகள் இன்றைக்கு அடங்குவாள். பதினெட்டு முடிந்த மறுநாள் காலையில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

"ஒரு பேச்சு பேசிக்கலாம்" என்றாள். "நான் வெட்டினது வளரட்டும். என் மூக்கு நுனியத் தொடற வரைக்கும் உன் தலையில கை வைக்காத. அதுக்குள்ள இந்த முடியோட மனுஷங்க நல்லா இருக்க முடியும்னு உனக்குத் தோணலன்னா, நானே கையெழுத்து போடறேன்."

மகள் அந்த நெற்றியைப் பார்த்தாள். ஜெயிப்பது உறுதி என்று தெரிந்த ஆள் மாதிரி தலையாட்டினாள். தாள், கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு குண்டூசியில் தொங்கியது. அதன் பின்பக்கத்தில் ஞாயிறுதோறும் அளவு எழுதுவது என்று முடிவானது.

முதல் இரண்டு மாதம் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. எண்ணெய் வைத்துப் படிய வைத்தாள். பத்து மணி வரை படிந்திருந்தது. ஈரத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அரை மணி உட்கார்ந்தாள். அவிழ்த்ததும், அடக்கி வைத்ததற்கும் சேர்த்து எழுந்தது. ஹேர்பின், எலாஸ்டிக், பாவாடை நாடா, துணியை மிஷினில் பிடித்து வைக்கிற கிளிப் என்று தையல்கடையில் கைக்குக் கிடைத்த எதையும் அவள் விடவில்லை. ஒரு கிளிப் வாடிக்கையாளர் ஒருவரின் புடவையில் தெறித்து விழுந்தது. கடையின் கட்டிங் மாஸ்டர் ஐம்பத்தைந்து வயதுக்காரர், பேசாமல் இருந்தால் உடம்புக்கு ஆகாதவர்.

"என்னம்மா, மூடி போடாம மிக்ஸி ஓட்டினீங்களா?" என்று ஒரு நாள் கேட்டார். மறுநாள், "தலைக்கு மேல போனா சாண் என்ன முழம் என்ன, விடுங்க" என்று அவரே ஆறுதலும் சொன்னார்.

மகள் சிரிக்கவில்லை. அவள் செய்தது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வந்தபோது, "அப்பா வரட்டும், நீ வேணாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இஞ்ச் டேப்போடு தவறாமல் வந்து நின்றாள். ஈர முடியைச் சீப்பால் நேராக இழுத்து, அளந்து, தாளின் பின்னால் எழுதினாள். மாதத்துக்கு அரை இஞ்ச்கூட இல்லை. மகளுக்கு அது ஆமை வேகம். அவளுக்கோ ஓடுகிற பஸ் மாதிரி இருந்தது.

மூன்றாம் மாதம், பள்ளிச் சீருடை தைக்கிற நெருக்கடியில், குனிந்த இடத்தில் ஒரு சுருள் ஹேர்பின்னிலிருந்து நழுவிக் கண்ணில் விழுந்தது. விரல் ஒரு நூல் அளவு முன்னால் போய்விட்டது. ஊசி நகத்தின் ஓரமாக இறங்கி, வெள்ளைச் சட்டையின் காலரில் ரத்தம் பொட்டு வைத்தது. மாஸ்டர் பஞ்சை எடுத்து வந்து விரலைச் சுற்றினார்.

"வெட்டிடுங்கம்மா" என்றார், இந்தத் தடவை விளையாட்டாக இல்லாமல். மகளோடு பேசிக்கொண்ட பேச்சு அவருக்கும் தெரியும். "யோசிச்சுப் பாருங்க, வளர வளர வெட்டிக்கிட்டே இருந்தா மூக்கத் தொடவே தொடாது. பேச்சும் முடியாது, பொண்ணு தலையும் தப்பிச்சுது."

அவள் கத்தரியை எடுத்துக்கொண்டு துணி மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். யோசனை பிடித்துத்தான் இருந்தது. சுருளை இரண்டு விரலில் பிடித்தாள். ஆனால் அளவில் ஏமாற்றுகிற டெய்லரிடம் யார் இரண்டாவது துணி கொடுப்பார்கள்? மகள் ஒரு தடவை கண்டுபிடித்தால் போதும், அப்புறம் ஆயுசுக்கும் எந்தப் பேச்சையும் நம்ப மாட்டாள். வெட்டவும் முடியாமல், விடவும் முடியாமல் கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

"சனியனே, உன்ன வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?"

சொல்லி முடிக்கும் முன்பே அந்த வாக்கியத்தை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. மகளுக்கு நான்கு வயதிலிருந்து, தினமும் காலையில், முழங்காலுக்கு நடுவில் உட்காரவைத்து, காய்ந்த முடியில் சீப்பை விட்டு இழுத்துக்கொண்டே அவள் சொன்னது. பத்து வருடம். சின்னத் தலை ஒவ்வொரு இழுப்புக்கும் பின்னால் சாயும். முடியிடம்தான் சொன்னாள், பிள்ளையிடம் இல்லை. ஆனால் அந்த வயதுக் குழந்தைக்கு முடி வேறு, தான் வேறு என்று யார் பிரித்துச் சொன்னார்கள்? வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பேசுகிற பிள்ளைகள் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. அவள் கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். வெளியே மாஸ்டர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது, குடைப் பாவாடை தைக்கக் கொடுத்த பெண் அவசரப்பட்டுக்கொண்டு நின்றாள். கீழ் ஓரம் மட்டும்தானே பாக்கி, இன்றே மடித்துக் கொடுங்கள் என்றாள். அவள் எப்போதும் சொல்கிற பதிலைச் சொன்னாள். "குறுக்கா வெட்டின துணிங்க. ஒரு நாள் சும்மா தொங்கட்டும். அது எங்க விழணுமோ அங்க விழுந்தப்புறம்தான் ஓரம் மடிக்கணும். இழுத்துப் பிடிச்சுத் தச்சா ஏறுக்குமாறா நிக்கும்." சொல்லிவிட்டு ஹேங்கரில் தொங்கிய பாவாடையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதி, தன் தலைக்கு மட்டும் இத்தனை நாள் எட்டவில்லை.

அன்று சாயங்காலம் தலைக்குக் குளித்தாள். துண்டால் துவட்டவில்லை. சீப்பைத் தொடவில்லை. பழைய பருத்திச் சட்டையால் ஈரத்தை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கையைக் கட்டிக்கொண்டு இருந்ததுதான் கஷ்டம். முக்கால் மணி நேரம் கழித்து எழுந்து பார்த்தாள். அழகு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டு சுருள்கள் தாங்களாகவே இடது பக்கம் சாய்ந்து, புருவத்துக்கு மேலே, தங்கள் வீட்டுத் திண்டில் சாய்கிறவர்கள் போலச் சாவகாசமாக விழுந்திருந்தன. மூன்றாவது ஒன்று மட்டும் மேலே பார்த்துக்கொண்டு நின்றது. எந்தக் குடும்பத்தில்தான் அப்படி ஒன்று இல்லை.

மகள் கதவருகே நின்றிருந்தாள்.

"என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணலன்னா?"

"ஒண்ணுமே பண்ணல. அதத்தான் இத்தன வருஷம் பண்ணாம விட்டுட்டேன்." அவளுக்குக் குரல் இறங்கியது. "உன் தலைய பத்து வருஷம் காயவச்சு இழுத்துச் சீவினேன். திட்டிக்கிட்டே சீவினேன். எனக்குத் தெரியலடி. தெரியலன்னாலும் தப்பு தப்புதான்."

மகள் தன் இறுகிய பின்னலின் முனையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"வலிச்சுது" என்றாள். அவ்வளவுதான். சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை.

அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. மேலே பார்த்து நிற்கிற மூன்றாவது சுருளை ஈரத்தில் விரலில் சுற்றிவிட்டால் இறங்கும் என்று மகள் ஒரு நாள் போகிற போக்கில் சொன்னாள். ஒரு ஞாயிறு அளக்க வந்தபோது அவளே சுற்றிவிட்டாள். குளியலறையில் பழைய பருத்திச் சட்டை ஒன்றுக்கு இரண்டாகத் தொங்கியது. ஒரு காலையில் மகளின் காதோரம் ஒரு சின்னச் சுருள் பின்னலில் அடங்காமல் வெளியே இருந்தது. கவனிக்காமல் விட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று தெரியவில்லை. அவள் பார்த்தும் பார்க்காதவளாக டிபன் டப்பாவை மூடினாள். கேட்டுத் தொலைத்து அதைப் பின்னலுக்குள் திருப்பி அனுப்ப அவளுக்குத் தைரியம் இல்லை.

ஐந்தாம் மாதக் கடைசி ஞாயிறு. குளித்துவிட்டு வந்து, யாரும் இல்லாதபோது ஈர முடியை இழுத்துப் பார்த்தாள். மூக்கு நுனியில் பட்டது. இன்னொரு தடவை இழுத்தாள். அப்போதும் பட்டது. மகள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நல்லா இருக்கு என்றோ, இல்லை என்றோ. சுவரில் தாள் காற்றில் படபடத்தது. அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

மகள் டேப்போடு வருவதற்குள் முடி நன்றாகக் காய்ந்துவிட்டது. சாட்சிக்குக் கணவரும் வந்து நின்றார்.

"அளக்க வேணாம்" என்றாள் அவள். "நனைச்சு இழுத்துப் பாத்துட்டேன். மூக்கத் தொட்டுடுச்சு. சொன்னா சொன்னதுதான், கையெழுத்து போடறேன். தாள எடு."

மகள் தாளைக் குண்டூசியிலிருந்து எடுத்தாள். முன்பக்கத்தைப் பார்த்தாள், கையெழுத்துக்கான கட்டம் ஐந்து மாதமாகக் காலியாக இருந்தது.

"யாரு உன்ன நனைக்கச் சொன்னா?"

"எப்பவும் நனைச்சுத்தான அளக்கறோம்?"

"தப்பா அளந்திருக்கோம். முடிய யாராவது இழுத்துப் பிடிச்சுக்கிட்டா நடமாடறாங்க? காஞ்சு எங்க விழுதோ, அதான் அளவு. இருபது வருஷமா டெய்லராம்." சிரிக்காமல்தான் சொன்னாள். டேப்பின் முனையை அம்மாவின் நெற்றியில் வைத்து, சுருளைத் தொடாமல், அது விழுந்த இடத்தில் விரலை வைத்தாள். "புருவத்துலதான் நிக்குது. மூக்குக்கு இன்னும் ரெண்டேகால் இஞ்ச் இருக்கு."

"இந்தக் கணக்குல பாத்தா அது மூக்குக்கு வர்றதுக்குள்ள நான் ரிடையர் ஆயிடுவேன்" என்றார் அவர்.

"ஆகுங்க" என்றாள் மகள்.

பேனாவை மகள் அம்மாவின் கையிலிருந்து வாங்கினாள். தாளைத் திருப்பி, எண்கள் இறங்கி வந்த வரிசைக்குக் கீழே, புது அளவை எழுதினாள். அதற்குப் பக்கத்தில் நெடுக்காக ஒரு கோடு இழுத்து, இரண்டாவதாக ஒரு வரிசைக்கு இடம் விட்டாள். பிறகு பின்னலுக்குள் விரலை விட்டு, முன்பக்கத்திலிருந்து ஒரு முடிக்கற்றையை உருவி எடுத்து நெற்றியில் விட்டாள்.

"எனக்கும் எழுது" என்று டேப்பை நீட்டினாள்.

பத்து வருடம் இழுத்த கை. அவள் டேப்பின் முனையை மகளின் நெற்றியில் மெதுவாக வைத்தாள். பின்னலிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த சுருள் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. அது தானாக ஆடி நிற்கட்டும் என்று, அவள் அதைத் தொடாமல் காத்துக்கொண்டு நின்றாள்.