மொத்தக் கடையில் இரண்டு சம்பந்திகள்

நியூ டவுன் போகிற வழியில் இருக்கும் அந்த மொத்தக் கடைக்குப் போய், வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, புத்தி பேதலிக்காமல் வீடு திரும்புவது எப்படி என்று கொல்கத்தா தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். பசியோடு போனவர்கள் ஐந்து கிலோ பிஸ்தாவோடு திரும்பியிருக்கிறார்கள். கனமான சாமானைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். பில் போடும் இடத்தில் வரிசையின் நீளத்தைப் பார்க்கக் கூடாது, நிற்கிற ஆளைப் பார்க்க வேண்டும்; கையில் நாலு கூப்பனும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக நிற்கிற ஆண்பிள்ளைக்குப் பின்னால் நின்றால் அன்றைய பொழுது போச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, தள்ளுவண்டியை விட்டுக் கையை எடுக்கக் கூடாது. எடுத்தே தீர வேண்டுமென்றால் கைப்பிடியில் நம் பையை மாட்டிவிட்டுப் போக வேண்டும்.

முப்பத்திரண்டு வருஷம் பேங்க் கவுன்டரில் உட்கார்ந்தவள் நான். கூட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். அப்படிப்பட்ட நான், போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் விதிகள் அத்தனையையும் ஒரே காலை வேளையில் காற்றில் பறக்கவிட்டேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பெண் மாதங்கிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அர்க்கோ அவளோடு ஆபீஸில் வேலை பார்க்கிறவன். வங்காளி, தங்கமான பிள்ளை. அவன் அம்மா சுதேஷ்ணா டாலிகஞ்சில் பாட்டு டீச்சர். சம்பந்தியை 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எங்களுக்கு ஒரே வயது, அன்றைக்கு நடந்ததற்குப் பிறகு மரியாதை பார்ப்பதில் அர்த்தமும் இல்லை, அதனால் அவள் என்றே சொல்கிறேன். எங்களுக்குள் பேச்சு வங்காளியில்தான்; ஒருவரையொருவர் திதி, அதாவது அக்கா, என்று கூப்பிட்டுக்கொள்வோம். அவள் சிரித்தால் அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. பிரச்சினை மீன்தான்.

வங்காளிகள் கல்யாணத்தில் மஞ்சள் பூசும் சடங்கன்று பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குச் சீர் வரும். தத்தோ என்பார்கள். துணிமணி, இனிப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பெரிய ருயி மீன் வரும், முழுசாக. அதற்குக் கல்யாணப் பெண் மாதிரிப் புடவை கட்டி, மூக்குத்தி போட்டு, தாம்பாளத்தில் படுக்கவைத்து எடுத்து வருவார்கள். பாலிகஞ்சில் எங்கள் கட்டிடத்து மாடிப்படியில் இப்படி எத்தனையோ மணப்பெண் மீன்களுக்கு ஒதுங்கி வழிவிட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு வாசலுக்கே ஒன்று வரும் என்று நினைத்ததில்லை.

எனக்குக்கூட அது பெரிய விஷயமில்லை. என் நாத்தனார் காமு அக்காவுக்குத்தான். தாயில்லாத தம்பியான என் கணவர் மஹாதேவனை வளர்த்தவர் அவர். மாதங்கியையும் பாதி வளர்த்தவர் அவர்தான். மாப்பிள்ளை வங்காளி என்பதை இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டார். மீன் விஷயம் காதில் விழுந்ததும், அது வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் தான் கல்யாணத்துக்கு வரப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். மாதங்கி அன்று முழுக்க அழுதாள். அத்தை இல்லாமல் மணையில் உட்கார மாட்டேன் என்றாள்.

சுதேஷ்ணாவோ ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும், மீனைத் தானே பொறுக்கப் போவதாகவும், எட்டுக் கிலோவுக்கு ஒரு பிடி குறையாது என்றும் அத்தனை ஆசையாகச் சொன்னாள். நான் மென்று முழுங்கினேன். என் கணவரைச் சொல்லச் சொன்னேன். அவர் சுத்த சைவம்தான்; ஆனால் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று அவரைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். பெண்கள் பேசிக்கொள்வதே நல்லது என்று பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார்.

அதனால்தான் சீர்த்தட்டும் தாம்பூலப் பையில் போட எவர்சில்வர் கிண்ணமும் வாங்க மொத்தக் கடைக்குச் சேர்ந்து போகலாம் என்று சுதேஷ்ணாவைக் கூப்பிட்டேன். கடையை விட்டு வெளியே வருவதற்குள் மீன் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், அவள் மனசும் நோகக் கூடாது. திட்டம் அவ்வளவுதான்.

கல்யாண சீசன், தள்ளுபடி ஞாயிறு. சியால்தா ஸ்டேஷனையே பெயர்த்துக் கூரைக்குக் கீழே வைத்தாற்போல் இருந்தது. சுதேஷ்ணா வெறும் டீ குடித்துவிட்டு வந்திருந்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். உள்ளே ருசி பார்க்கக் கொடுக்கிற மேஜை எங்கே இருந்தாலும் அவள் கால் தானாக அங்கே போனது. சீஸ், ஊறுகாய், குலாப் ஜாமூன், அதன் மேல் நூடுல்ஸ். கொடுக்கிற பெண்களிடம் சொந்த ஊர் எது, கல்யாணம் ஆயிற்றா என்று விசாரித்தாள். பின்னால் நிற்கிறவர்கள் திட்டினால் அவர்களுக்கும் ஒரு குச்சியில் குத்திக் கொடுத்தாள். இப்படி ஒரு ஆளோடு நான் கடைக்குப் போனதே இல்லை. அரை மணியில் எனக்கும் சிரிப்பு வர ஆரம்பித்துவிட்டது, அதுதான் கஷ்டம். சிரித்துக்கொண்டே எப்படி மீன் வேண்டாம் என்பது?

தட்டுகள் அடுக்கியிருந்த இடத்தில் பேச்சை எடுத்தேன். யாரோ வண்டியால் என் குதிகாலில் இடித்தார்கள். கிண்ணங்கள் பக்கம் மறுபடி எடுத்தேன். சர்க்கரைக்குத் தள்ளுபடி என்று மைக்கில் சொன்னார்கள், வந்த கூட்டம் எங்களை ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது. அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு அமைதியான மூலை கிடைத்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, "திதி, அந்த மீன் விஷயம்," என்று வாய் திறந்து திரும்பிப் பார்த்தால் சுதேஷ்ணா இல்லை. தூரத்தில் பாயசம் ருசி பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. என் மஞ்சள் பையை வண்டியின் கைப்பிடியில் மாட்டிவிட்டு அவளைப் பிடிக்க ஓடினேன்.

அவளை இழுத்துக்கொண்டு திரும்பியபோது மஞ்சள் பை தொங்கிக்கொண்டிருந்தது. அட்டைப் பெட்டிகள் இருந்தன. கூடவே புதிதாக ஒரு பெரிய தெர்மோகோல் பெட்டி, டேப் போட்டு ஒட்டியது. நான் இல்லாத சமயத்தில் சுதேஷ்ணா எதையோ எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. சம்பந்தி வாங்குவதைக் கணக்குக் கேட்பது நாகரிகமில்லை.

பில் போடும் வரிசை நகரவே இல்லை. என் முட்டி இரண்டும் கெஞ்ச ஆரம்பித்தன. தட்டையான வண்டி, வசதியான பெட்டி, நான் அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஜில்லென்று இருந்தது. முட்டிக்கு என்ன இதம். நடுவில் ஒருவர் வண்டியை ஓரம் தள்ளப் பார்த்தார். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவரை ஒரு வாங்கு வாங்கினேன். முக்கால் மணி நேரம் அதன் மேல் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். பேச வேண்டியதை மனசுக்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

அப்போதுதான் சுதேஷ்ணா வாயடைத்து நிற்பதைக் கவனித்தேன். அவள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. என் கால்களுக்கு நடுவே பெட்டியின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"இதை நீங்க வாங்குவீங்கன்னு நான் கனவுலகூட நினைக்கல, திதி. மீனையே தொடாத வீடு. நாங்க அனுப்புற சீருக்கு நீங்களே மீன் வாங்கி, அதைக் கட்டிக் காப்பாத்திட்டு வர்றீங்க."

குனிந்து பார்த்தேன். பெட்டியில் வங்காளி எழுத்தில், கறுப்பு மையில் எழுதியிருந்தது: ருயி, ஒன்பது கிலோ.

தேள் கொட்டினாற்போல் எழுந்தேன். வாடை வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அறுபது வருஷம் இந்த ஊரில் இருந்த மூக்கு அதையெல்லாம் சொல்வதை என்றைக்கோ நிறுத்திவிட்டது. சுதேஷ்ணா என் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே போனாள். அவள் கல்யாணத்துக்கு வந்த மீனுக்கு அவள் கணவர் தன் கையாலேயே மூக்குத்தி போட்டாராம். அவர் போய் ஆறு வருஷம். இந்த மீனுக்கு அர்க்கோ போட வேண்டும் என்று ஆசையாம். நான் என்ன செய்வேன்? தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

அதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் வந்தார். டாலிகஞ்சில் மெஸ் நடத்தும் ஏழுமலை, எனக்குத் தெரிந்தவர்தான். அவர் தள்ளிவந்த வண்டியில் என் இருபத்தொரு தட்டும் கிண்ணப் பெட்டிகளும் இருந்தன. கைப்பிடியில் அச்சாக அதே மஞ்சள் பை. அதற்கு முந்தின மாதம் எங்களுக்குத் தெரிந்த பையன் சாய் கிருஷ்ணா கல்யாணத்தில் முன்னூறு பேருக்குக் கொடுத்த தாம்பூலப் பை. எனக்கு ஒன்று, அந்தக் கல்யாணத்துக்கு அப்பளம் பொரித்த ஏழுமலைக்கு ஒன்று. கொல்கத்தாவில் இருக்கிற தமிழர்கள் எல்லாரும் அன்று அந்தப் பையோடுதான் கடைக்கு வந்திருப்பார்கள்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க," என்றார் ஏழுமலை. "நீங்க உட்கார்ந்திருந்தது என் மீனு."

சுற்றி நின்றவர்களுக்குத் தமிழ் புரியவில்லை, ஆனால் என் முகம் புரிந்தது. சிரித்தார்கள். ஏழுமலை வண்டியை மாற்றிக்கொண்டு போனார். சுதேஷ்ணாவும் சிரிக்கப் பார்த்தாள், முகத்தில் வெளிச்சம் இல்லை. கையும் களவுமாக அகப்பட்டவள் இனி எதை மறைப்பது? எல்லாவற்றையும் சொன்னேன். காமு அக்கா சொன்னது, மாதங்கி அழுதது, இன்றைக்கு இவளைக் கடைக்குக் கூட்டிவந்த காரணம் உட்பட எல்லாம்.

அவள் கேட்டு முடித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு, மீன் வேண்டாம், சந்தேஷ் இனிப்பில் மீன் மாதிரி பிடித்து அனுப்பிவிடலாம், அத்தை வருவதுதான் முக்கியம் என்று கடகடவென்று சொன்னாள். நிறுத்தினால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது.

நான் கேட்க வந்தது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, என் மேலேயேதான். அதெல்லாம் முடியாது, நிஜ மீன்தான் வரும் என்றேன். வேண்டவே வேண்டாம் என்றாள். வரும் என்றேன். வராது என்றாள். எட்டுக் கிலோவுக்கு ஒரு பிடி குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எங்களுக்குள் என்ன தகராறு என்று தெரியாமல் சமாதானம் செய்ய வந்தார்கள். சொந்தக்காரர்கள் சண்டை, நீங்கள் தலையிடாதீர்கள் என்று இருவரும் ஒரே குரலில் அவர்களைத் துரத்தினோம்.

அந்த வேகத்திலேயே காமு அக்காவுக்குப் போன் போட்டேன். ஆறினால் தைரியம் போய்விடும்.

"அக்கா, மீன் வரும். நானே வாசல்ல ஆரத்தி எடுத்து வாங்கிக்கப் போறேன். கீழ் வீட்டுக்காராகிட்ட கொடுத்தா அவா சமைச்சுப்பா. இவ்வளவு நேரம் மீன் பெட்டி மேலதான் உக்காந்திருந்தேன், எனக்கு ஒண்ணும் ஆகலை. அந்த மீனுக்கு மூக்குத்தி போட அப்பா இல்லாத பிள்ளை காத்திண்டிருக்கான். நீங்களும் வந்தாகணும். நீங்க இல்லாம மாதங்கி மணையில உக்கார மாட்டா. எனக்கு ரெண்டும் வேணும்."

காமு அக்காவிடம் நான் இப்படிப் பேசியதே இல்லை. வரிசை இரண்டு அடி நகர்ந்தது. சுதேஷ்ணா தமிழ் தெரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வண்டியைத் தள்ளினாள். போனை வைத்துவிட்டாரோ என்று நான் நினைத்தபோது காமு அக்கா மெதுவாகக் கேட்டார்.

"அதுக்கு என்ன புடவை கட்டப் போறாளாம்?"

சுதேஷ்ணாவைக் கேட்டேன். கரியாஹாட்டில் மீனுக்கென்றே சிவப்பு நைலான் துணி விற்கிறார்கள், அதுதான் என்றாள். அதைச் சொன்னதும் காமு அக்காவுக்கு வந்ததே கோபம்.

"நன்னாருக்கு. நம்ம மாதங்கிக்கு வர சீர், நைலானைச் சுத்திண்டு வரதா? என் தலைதீபாவளிப் பட்டு, அரக்குக் கலர், முந்தானை இன்னும் கெட்டியா இருக்கு. சாயங்காலம் சம்பந்தியை இங்க கூட்டிண்டு வா, வெட்டித் தரேன். ஆனா ஒண்ணு, நான் சொன்னா சொன்னதுதான். அது வாசப்படி தாண்டி உள்ள வரப்படாது. நான் வெளிய வந்து பாத்துக்கறேன்."

ஒரு வார்த்தை விடாமல் வங்காளியில் சுதேஷ்ணாவுக்குச் சொன்னேன். முடிப்பதற்குள் அவள் என்னைக் கட்டிக்கொண்டுவிட்டாள், வண்டியை விட்டுக் கையை எடுத்து. நானும் எடுத்துவிட்டேன்.