கழற்றிய பெட்டியைத் திருப்பிக் கேட்டவர்

1

என் ஸ்கூட்டர் சைலன்சரில் ஓட்டை விழாமல் இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை. தொண்ணூற்றாறில் கோவை உக்கடம் பக்கம் ஒரு சைலன்சர் பட்டறையில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பிக்அப் வண்டி. அடியிலிருந்து ஒரு இரும்புப் பெட்டியை அறுத்தெடுத்து, அந்த இடத்தில் வெறும் குழாயை வைத்துப் பற்றவைத்தார்கள். வண்டிக்காரர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். வண்டி ஜோராக ஓடியது. இறங்கியவர் கேட்டார்: "ஏனுங்க, அந்தப் பொட்டியத் திருப்பி மாட்டிக் குடுக்க முடியுமுங்களா?"

நான் பார்த்தது இவ்வளவுதான். கெட்டுப்போன பெட்டியை யாராவது திரும்பக் கேட்பார்களா? கேட்டவரின் முகம் என்னை விடவில்லை. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, மலைமேல் அந்திச் சூரியன் —' வேண்டாம். அந்தச் சூரியனை எத்தனை பேர்தான் இறக்குவது.

இரண்டாவது: 'பாலுசாமி நல்ல மனிதர்.' இதையும் அடித்துவிட்டேன். மனைவி கொடுமுடிக்குத் தங்கை வீட்டுக்குப் போன சமயம் பார்த்து, அவள் கன்றிலிருந்து வளர்த்த இரண்டு பசுக்களையும் விற்று, கொச்சித் துறைமுக ஏலத்தில் வந்த வெளிநாட்டு பெட்ரோல் பிக்அப்பை வாங்கிவந்தவர் அவர்.

சாந்தாமணி திரும்பிவந்து வெறும் கட்டுத்தரையைப் பார்த்தாள். "ஆரைக் கேட்டு வித்தீங்க?" என்றாள். அன்றைக்கே பாலுசாமி ஒரு வார்த்தை பதில் சொல்லியிருந்தால் — சொல்லவில்லை, விடுங்கள். அதோடு பேச்சு நின்றது.

மகள் நந்திதா வீட்டில் இருந்தவரை பேச்சு அவள் வழியாக ஓடியது. "உங்கப்பனைச் சாப்பிட வரச்சொல்லு கண்ணு." "மோர் இருக்குதான்னு கேளு கண்ணு." மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். அவளைச் சத்தியமங்கலத்தில் கட்டிக்கொடுத்ததும் வீடு ஊமையாகிவிட்டது.

அப்புறம்தான் வண்டி அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

3

(கொஞ்சம் வண்டி விஷயம். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். போனால் கதை புரியாது. அந்தப் பெட்டி புகையைச் சுத்தம் செய்வதற்காக வைத்தது. ஈயம் கலந்த பெட்ரோல் அதற்கு ஆகாது. நம்மூர் பங்க்கில் பாலுசாமிக்குக் கிடைத்ததோ அந்தப் பெட்ரோல்தான். பெட்டி உள்ளே அடைத்துக்கொண்டது. புகை வெளியேற வழியில்லாமல் வண்டி மேட்டில் மூச்சுவாங்கியது. அறுத்தெடுப்பது சரியா என்றால் இல்லைதான்; அந்தப் புகையைச் சுவாசித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அறுக்காவிட்டால் எனக்குக் கதை இல்லை.)

பாலுசாமியின் தோட்டத்து வீடு ஒரு மேட்டின்மேல் இருந்தது. ஏறும்போது வண்டி கொர்ரு கொர்ரென்று திணறும். அது கேட்டதும் சாந்தாமணி தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். அவர் கைகால் கழுவி உள்ளே வரும்போது முதல் தோசை தட்டில் இருக்கும். அவள் சுவரைப் பார்த்து நிற்பாள். ஆனாலும் தோசை சுடச்சுட இருக்கும். ஒரு நாளைக்கு அவ்வளவு சூடு போதும் என்று அவர் இருந்துவிட்டார்.

4

பட்டறைக்காரருக்கு அப்துல் முத்தலிப் என்று பெயர் வைத்தேன். தக்காளிக் கூடைகளோடு உக்கடம் மார்க்கெட்டுக்கு வந்த அன்று வண்டி அங்கேயே நின்றுபோனது. அதனால்தான் பாலுசாமி அவரிடம் வந்தார். இல்லாவிட்டால் திணறுகிற வண்டியையே ஓட்டிக்கொண்டிருந்திருப்பார்.

முத்தலிப் வண்டியடியில் படுத்திருந்தார். பட்டறைக்குப் பின்னால் வீடு. அங்கிருந்து அவர் மனைவி சாஜிதா பேகத்தின் குரல் வந்தது.

"டீ ஆறிப்போச்சு. மறுக்கா சுட வெக்கமாட்டேன், சொல்லிப்போட்டேன்!"

"வெக்காட்டிப் போ! ஆறுன டீயே குடிக்கறேன்!"

"குடிப்பீங்க, குடிப்பீங்க. அப்பறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவீங்க."

"பாத்தீங்களாண்ணா," என்றார் முத்தலிப், அடியில் படுத்தபடியே. "நாள் முச்சூடும் இதேதானுங்க. காதே போச்சு."

பாலுசாமிக்குப் பொறாமையாக இருந்தது. இப்படித் திட்டு வாங்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைத்தார்.

குழாய் மாட்டி ஒரு சுற்று ஓட்டியபோதுதான் அவருக்கு உறைத்தது. இனி மேட்டில் வண்டி திணறாது. வந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? அப்போது கேட்டதுதான் அந்தக் கேள்வி.

முத்தலிப் பெட்டியைக் குலுக்கிக் காட்டினார். உள்ளே எல்லாம் நொறுங்கிக் கிடந்தது. "இத மாட்டுனா வண்டி மறுக்கா நின்னுபோகுமுங்க. போங்கண்ணா, ஊட்டுல சந்தோசப்படுவாங்க."

5

ஒரு முடிவு: மேட்டடியில் ஹாரன் அடித்தார். நீக்கிவிட்டேன். அது அதட்டிக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். பழைய தப்போடு இன்னொன்று சேரும்.

இன்னொரு முடிவு: வேண்டுமென்றே தப்பான கியரில் போட்டு வண்டியைத் திணறவைத்தார். எழுதிவிட்டு நானே சிரித்தேன். அப்புறம் பாவமாக இருந்தது. கிழித்துப்போட்டேன்.

ஆகவே வண்டி சுகமாக மேடேறி வாசலில் நிற்கிறது. பொழுது சாய்கிறது. பாலுசாமி இறங்கவில்லை. தோசை வார்க்கும் சத்தம் இல்லை. கூப்பிட வேண்டும். கூப்பிட்டால், கட்டுத்தரையைப் பார்த்து அவள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் சாந்தாமணியை மறந்துபோனேன். இந்த இன்ஜின் சத்தத்தை அவள் கேட்டதே இல்லையே. யாரோ வெளியாள் வந்திருக்கிறார்கள் என்று எண்ணி, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி உள்ளிருந்து கேட்கிறாள்:

"ஆருங்க அது? உள்ள வாங்க."

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் காதுக்கு நேராக வந்த வார்த்தை. அதுவும் வேற்றாளுக்கென்று வந்தது. எவ்வளவு பிரியமாகக் கேட்கிறாள்!

'நாந்தான்' என்றால் அந்தக் குரல் மறுபடி நின்றுவிடுமோ என்று அவருக்குப் பயம். எனக்கும்தான். இதற்குமேல் எனக்கு ஒரு வரி ஓடவில்லை. நீங்களாவது அவருக்காகப் பதில் சொல்லுங்கள். சீக்கிரம், அவள் கதவுக்கு வந்துவிட்டாள்.