போதமலை சுருங்கிய படம்

சேலத்துக் கேமராக் கடையில் இரண்டு லென்ஸ் காட்டினார்கள். இருபத்து நாலு எம்.எம். அறையை ஏறக்குறைய உள்ளபடி காட்டும். பதினாலு எம்.எம். நான்கு சுவரையும் ஒரே படத்துக்குள் கொண்டுவந்து அறையை விரித்துவிடும். தூரத்தில் இருப்பதைச் சுருக்கிவிடும். கல்யாண மண்டபத்துக்கும் வயல்காட்டுக்கும் ஒன்றே போதுமென்று பதினாலை வாங்கினேன்.

முதல் வேலை நாமகிரிப்பேட்டை ஜீவானந்தம் வீட்டில். மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணூட்டுக்காரங்களுக்கு ஊட்டையும் காட்டையும் படமெடுத்து அனுப்போணுங்க" என்றார்.

பத்துக்குப் பத்து கூடத்தின் மூலையில் முதுகை ஒட்டி நின்று எடுத்தேன். கூடம் மண்டபம்போல் வந்தது. வெளியே ஒரு ஏக்கர் மரவள்ளிக்காடு ஐந்து ஏக்கராயிற்று. பின்னால் இருந்த போதமலை கரையான் புற்றளவுக்குப் போய்விட்டது. எனக்கு எரிச்சல். அவரிடம் சொன்னேன்.

"இருக்கட்டுமுங்க. மலை நம்முளுது இல்லீங்களே."

ஞாயிற்றுக்கிழமை ஜலகண்டாபுரத்திலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். அதைப் படமெடுக்கவும் ஜீவானந்தம் என்னைத்தான் கூப்பிட்டிருந்தார். வழக்கமாக ஏழெட்டுப் பேர் வருவார்கள். கூடத்தின் படத்தைப் பார்த்த தைரியத்தில் இரண்டு வேனில் நாற்பத்திரண்டு பேர் வந்திறங்கினார்கள். பதினொரு பேர் உட்கார்ந்ததும் கூடம் முடிந்துவிட்டது. மற்றவர்கள் மரவள்ளிக்குள் நின்று காப்பி குடித்தார்கள்.

பெண்ணின் அப்பா செல்போனில் படத்தை வைத்துக்கொண்டு, நான் நின்ற அதே மூலையில் முதுகை ஒட்டி நின்று பார்த்தார். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"மலை மட்டும் படத்துல இருக்கறத உடப் பெருசா இருக்குதுங்க" என்றார். "அது யாருதுங்க?"