நகெட்டின் நெஞ்சில் ஒரு வெள்ளைப் புள்ளி

1

எழுதக் கூடாது என்று டாக்டர் டீகன் சொன்னாள். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். ஆட்டுப் பண்ணைகள் சூழ்ந்த டப்போ ஊரில், நாய், பூனைகளுக்கான மருத்துவமனையில் நான் நர்ஸ். எக்ஸ்ரே மேசையில் நாயைக் கிடத்துவதும், படத்தைப் பற்றி வெளியே வாயைத் திறக்காமல் இருப்பதும் என் வேலை. இரண்டாவது எனக்கு வராது.

2

முதல் தொடக்கம்: "நவம்பர் வெயிலில் செம்மண் சாலை..." வேண்டாம். வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது: டீகன் வேலைக்கு வந்து ஆறு மாதம். எக்ஸ்ரே படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். நகெட் என்கிற, ஆடு மேய்க்கும் கிழட்டு நாய்க்கு மண்ணீரலில் கட்டி. நுரையீரலுக்குப் பரவியிருந்தால் ஆபரேஷன் வீண். படமெடுத்தோம். நெஞ்சில் வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி.

"பரவிடுச்சு நெவில்," என்றாள் நாயின் சொந்தக்காரரிடம்.

நெவில் ஆட்டுப் பண்ணைக்காரர். தொப்பியைக் கழற்றினார். "அப்ப இன்னைக்கே ஊசி போட்டு அனுப்பி வச்சிரு கண்ணு. கடைசியா அவனுக்குக் கறி வச்ச மீட் பை ஒண்ணு வாங்கியாந்துடறேன்."

[இங்கே டீகனின் மனப்போராட்டத்தை ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவள் அப்போது சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள்.]

3

நெவில் கடைக்குப் போனதும் நகெட் மல்லாந்து படுத்தான். நான் வயிற்றிலிருந்து நெஞ்சு வரை சொறிந்துவிட்டேன். கை ஓரிடத்தில் நின்றது.

"டீகன், ஆம்பள நாய்க்கும் காம்பு உண்டுல்ல?"

"உண்டு. அதுக்கென்ன இப்ப..."

சாண்ட்விச் கீழே விழுந்தது.

தோலுக்கு வெளியே இருக்கிற காம்பு, படத்தில் நுரையீரலுக்குள் இருப்பதுபோல் விழும். பெட்டை நாயென்றால் யோசித்திருப்பாள். காம்பில், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் பேரியம் பசையைத் தடவி மறுபடி எடுத்தோம். அதே புள்ளி, சுண்ணாம்படித்த மாதிரி பளிச்சென்று தெரிந்தது. வேறெங்கும் ஒன்றுமில்லை.

"இத மட்டும் எழுதித் தொலைக்காத," என்றாள்.

4

முடிவு அ: நெவில் டீகனைக் கட்டியணைக்கிறார். (பொய். அவர் பெண்டாட்டியையே கட்டியணைத்து நான் பார்த்ததில்லை.)

முடிவு ஆ: நெவில் கோபத்தில் நாற்காலியைத் தூக்கி

இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். கண் சிவந்து திரும்பி வந்தார். தரையில் உட்கார்ந்து மீட் பையைப் பிட்டுப் பிட்டு ஊட்டினார்.

"நெவில், அந்தப் படத்துல நான்..."

"ஒண்ணும் சொல்லாத கண்ணு. உன் மேல தப்பில்ல. சட்டுனு ஊசியப் போட்டுரு."

டீகன் என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுதுகொண்டிருக்கிற மனுஷனிடம் காம்பைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது? அவள் பேச்செடுத்த விதத்தை எழுதினால் என் வேலை போய்விடும். நெவிலிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். ஆபரேஷனுக்குப் போகிற நாய் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். நகெட் பாதியை முடித்துவிட்டான்.